நாற்பத்து நான்கு மூலகங்களும் ஒரு பிளாஸ்டிக் பேசினும்

அரசாங்கத்தில் ஒரு கதிரை இருந்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை அது தான் இருப்பதை நிரூபிக்கவும் வேண்டும். இதற்கென்றே பொருள் கணக்கெடுப்புச் சபை என்று ஒன்று உண்டு. மார்கழி விடுமுறைக்கு முன்னர் அந்தச் சபை ஒவ்வொரு பாடசாலையாக வரும். ஒருவர் புத்தகத்தில் உள்ளதை வாசிப்பார். இன்னொருவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பார். தொட முடிந்தால் அது இருக்கிறது. தொட முடியாவிட்டால் யாரோ எடுத்துவிட்டார்கள். ஞானிகள் காலகாலமாகத் தடுமாறிய ஒரு விடயத்தை அரசாங்கம் இவ்வளவு சுருக்கமாகத் தீர்த்துவைத்திருக்கிறது.

தெல்தோட்டைக்கு மேலே, வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் கிடக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஷாமலா இரசாயனவியல் படிப்பித்தாள். சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருந்தது அந்த ஒரு பாடசாலையில்தான். பிள்ளைகள் இரண்டு வாங்குகளில் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் அது ஒரு பிரிவு.

ஷாமலாவுக்கு ஓர் இடத்தில் அமைதியாக இருக்க வராது. படிப்பிக்கும்போது ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள். "சோடியம் மென்மையானது, கத்தியால் வெட்டலாம், நீருடன் உக்கிரமாகத் தாக்கமுறும்" என்று பிள்ளைகள் சேர்ந்து ஒப்புவிப்பதைக் கேட்கும்போது, ஒருவரும் கண்டிராத ஒரு புனிதரின் அற்புதங்களைச் செபமாலையில் சொல்வது போல அவளுக்குத் தோன்றும். அந்த அரிப்பில்தான் அவள் பெட்டகத்தைச் செய்யவைத்தாள்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஒதுக்கிக் கிடந்த பெட்டிப் பலகையில் எட்டு நிரல்கள். ஆவர்த்தன அட்டவணையின் பிரதான கூட்டங்கள் எட்டும் அதில் இருந்தன, ஒரு மூலகத்துக்கு ஓர் அறை. காபனுக்கு இஸ்திரிப் பெட்டிக் கரி வந்தது. அலுமினியத்துக்கு நசுங்கிய சட்டி மூடி. சிலிக்கனுக்கு உடைந்த கணிப்பானின் சூரியப் பட்டை. பாடசாலையின் பழைய அலுமாரியில் அயடீனும், மண்ணெண்ணெய்க்குள் சோடியமும், தண்ணீருக்குள் ஒரு துண்டு வெண் பொசுபரசும் இருந்தன. காற்றில் உள்ள ஆகன், நியோன் போன்ற வாயுக்களுக்காக அகீல் என்ற மாணவன் சில போத்தல்களை முற்றத்துக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து, சிறிது நேரம் பிடித்திருந்து, மூடிக்கொண்டு வந்தான். கோயில் திருவிழாவில் வாங்கிய பலூனில் ஈலியம் வந்தது. கொண்டுவர முடியாதவற்றின் அறைகளில் அவற்றின் இயல்புகளை எழுதிய சீட்டுகள் மட்டும் வைக்கப்பட்டன.

இதுவரை குற்றம் எதுவும் நடக்கவில்லை. குற்றத்தைச் செய்தவர் அதிபர் அந்தோனி. அவர் பெட்டகத்தைப் பார்த்து மனம் நிறைந்துபோனார். மனம் நிறைந்த அரச ஊழியர் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். பொருட் பதிவேட்டைத் திறந்து, தன் அழகான கையெழுத்தில், "பெட்டகம் ஒன்று. உள்ளடக்கம்: மூலகங்கள் நாற்பத்து நான்கு" என்று பதிந்துவைத்தார்.

சபையின் தலைவர் ராஜலிங்கம், கண்டிக் கல்விக் காரியாலயத்தின் பிரதிப் பணிப்பாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் நரைத்தவர். பொருட்களை அவர் கையால் தொடுவதில்லை. கோடு போடுகிற ஒரு மர அடிமட்டம் வைத்திருந்தார். அதனால் தட்டுவார். சத்தம் வந்தால் பொருள் உண்டு. கூட வந்தவர் எழுதுவினைஞர் பாயிஸ், மடவளைக்காரர், வாசிக்கிற பொறுப்பு அவருடையது. மூன்றாவது உறுப்பினர் கண்டியில் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் இணங்கினார்.

கதிரைகள், வாங்குகள், பூகோளம், மணி எல்லாம் தட்டப்பட்டுத் தம் இருப்பை உறுதிசெய்தன. பிறகு சபை ஆய்வுகூடத்துக்குள் வந்தது.

"ஆகன்," என்று பாயிஸ் வாசித்தார்.

ராஜலிங்கம் தட்டினார். "இதென்ன பிள்ளை, வெறும் போத்தல்."

"இல்ல சேர், உள்ள ஆகன் இருக்கு. காத்தோட கலந்து."

"எங்கயெண்டு கேக்கிறன்."

"அதுக்கு நிறமில்ல சேர். மணமும் இல்ல."

"ருசி?"

"அதுவும் இல்ல."

"நிறமில்ல, மணமில்ல, ருசியில்ல. புத்தகத்தில மட்டும் இருக்கு." அவர் மூடியைக் கழற்றி, அடிமட்டத்தை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "இப்ப திறந்திட்டன். ஆகன் போயிட்டுதோ?"

"போனாலும் வந்துரும் சேர். வெளியிலயும் அதே அளவுதான் இருக்கு."

ராஜலிங்கம் மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினார். கூரைத் தகரத்தில் மழைத்துளிகள் விழுந்தன. ஷாமலா தன் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"பிள்ளை," என்றார் அவர் கடைசியில், ஒரு மரண வீட்டில் பேசுகிற குரலில். "திறந்தாலும் மூடினாலும் ஒரேயளவு இருக்கிற சாமானெண்டால், அதுக்குக் களஞ்சியக்காரர் எதுக்கு? பூட்டு எதுக்கு? நான் எதுக்கு? அப்பிடியொரு சாமான் அரசாங்கத்தில இருக்கேலாது. பாயிஸ், போத்தல் ஒண்டு, வெறுமை எண்டு போடும்."

ஈலியத்தின் பலூன் சுருங்கி, காய்ந்த மிளகாய் போலக் கிடந்தது. "வாயு தப்பியோட்டம்" என்று எழுதப்பட்டது. அன்று காவலாளி கடமையில் இருந்தாரா என்று ஒரு கேள்வியும் சேர்க்கப்பட்டது.

அயடீன் போத்தலில் பளிங்குகள் பாதியாகக் குறைந்திருந்தன. மூடியின் உட்புறம் ஊதா படிந்திருந்தது.

"இதை ஆர் எடுத்தது?"

"யாரும் எடுக்கல சேர். பதங்கமாகிருச்சு. அயடீன் திண்மத்துல இருந்து நேரா வாயுவாப் போயிரும்."

"திரவமாகாமலோ?"

"ஆமா சேர்."

ராஜலிங்கத்தின் முகம் மாறியது. "மூன்றாம் தரத்தில இருந்து இரண்டாம் தரத்துக்குப் போகாமல் நேரா முதலாம் தரத்துக்கோ? ஆற்ற பரிந்துரையில?"

"அது அதோட இயல்பு சேர்."

"இயல்பெண்டு ஒண்டும் இல்லை. செல்வாக்கு எண்டு சொல்லும். சரி, கடைசியா இதை ஆர் கையில வைச்சிருந்தது?"

"நான்தான். பாடத்துக்குக் காட்டினேன்."

"அப்ப நீங்கள்தான் பொறுப்பு. ஒரு சாமான் காணாமல் போனால், கடைசியா ஆற்ற கையில இருந்ததோ அவர்தான் பதில் சொல்லவேணும். இந்தச் சேவையின்ர அத்திவாரமே அதுதான்."

"பிரான்சியம்," என்று பாயிஸ் தொடர்ந்தார். அறையில் சீட்டு மட்டும் இருந்தது.

"அதை வைச்சிருக்கவே முடியாது சேர்," என்றாள் ஷாமலா. "கிடைச்சாலும் அரை மணித்தியாலத்துக்குள்ள பாதிக்கு மேல இல்லாமப் போயிரும்."

"எங்கட ஒபீஸ்ல தேத்தண்ணி நேரத்துல ஆக்கள் மாதிரி," என்றார் பாயிஸ். தலைவர் பார்த்த பார்வையில் அவர் மறுபடி புத்தகத்துக்குள் குனிந்தார்.

ஐதரசனிடம் மட்டும் ராஜலிங்கம் கொஞ்சம் இளகினார். முதலாம் கூட்டத்தில் எல்லாம் உலோகமாக இருக்க, உச்சியில் இது மட்டும் ஏன் அலோகம் என்று கேட்டார். வெளியே ஓர் இலத்திரன் இருப்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள், உண்மையில் அதற்கென்று சரியான இடம் இல்லை என்று ஷாமலா விளக்கினாள்.

"தற்காலிக இணைப்பு," என்றார் அவர் மெதுவாக. "எனக்குத் தெரியும். நான் நாவலப்பிட்டியில இணைப்பில இருந்த காலத்தில எனக்கொரு மேசைகூட இல்லை." அடிமட்டம் சிறிது நேரம் அந்தப் போத்தலின் மேல் தட்டாமல் கிடந்தது.

அந்த இளக்கம் சோடியத்தோடு முடிந்தது. சோடியம் மண்ணெண்ணெயிலும் பொசுபரசு தண்ணீரிலும் இருப்பதை அவர் கண்டார். இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் வைத்து, இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சோறு போட்ட தாயைப் பார்ப்பதுபோல ஷாமலாவைப் பார்த்தார்.

"இதென்ன பாரபட்சம்?"

"சேர், பொசுபரசு காத்துல பட்டா பத்திக்கும், அதனால தண்ணிக்குள்ள. சோடியம் தண்ணி பட்டா வெடிக்கும், அதனால எண்ணெய்க்குள்ள."

"ஒரு அலுமாரி, ஒரு பாடசாலை, ரெண்டு சட்டமோ? அதோட மண்ணெண்ணெய் எரிபொருள். எரிபொருளை வகுப்பறையில வைச்சிருக்கக் கூடாதெண்டு சுற்றுநிருபம் இருக்கு. தண்ணி எண்டால் நெருப்பை அணைக்கிற சாமான். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ரெண்டையும் தண்ணிக்கு மாத்துங்கோ. ஒரே ஆய்வுகூடம், ஒரே திரவம்." அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போயிற்று. இன்னொரு முறை சொன்னார். பாயிஸ் அதை எழுதிக்கொண்டார்.

கணக்கு நேராகும்வரை என்று அன்று மாலையே ஆய்வுகூடத்துக்கு முத்திரை வைக்கப்பட்டது. பெட்டகம் மட்டும் வெளியே வந்தது. சர்ச்சைக்குரிய பொருள் ஆசிரியையின் பொறுப்பிலும் சர்ச்சையில்லாத பொருட்கள் பூட்டுக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது விதி.

தை மாதம் பாடசாலை தொடங்கியபோது முத்திரை அப்படியே இருந்தது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு நடத்த முடியாது என்றொரு சுற்றுநிருபம் இருந்தது. முத்திரை வைக்கப்பட்ட ஆய்வுகூடம் இல்லாத ஆய்வுகூடத்துக்குச் சமம் என்று காரியாலயம் வியாக்கியானம் செய்தது. எனவே பிள்ளைகள் கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போகலாம், அல்லது இருந்த இடத்திலேயே கலைப் பிரிவுக்கு மாறலாம். பெற்றோர் காரியாலயத்துக்கு வந்து சம்மதக் கையொப்பம் இடவேண்டும். ஷாமலாவும் அதிபரும் அதே நாளில் பெட்டகத்தோடு விசாரணைக்கு வரவேண்டும்.

விஞ்ஞானப் பிரிவு மாணவி சிந்துஜாவின் தாய் மூக்காயி, தோட்டத்தில் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தைக் கைவிட்டு, கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த நெற்றியோடு, ஷாமலாவும் அதிபரும் கண்டிக்குப் போன அதே பஸ்ஸில் வந்து ஏறினார். சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோட்டத்திலிருந்து தெல்தோட்டைக்கு இறங்கவே விடியற்காலை வேண்டும். கண்டிப் பாடசாலையின் மணிக்கு அவளால் போய்ச் சேர முடியாது என்பது அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"என்னா டீச்சர் இது, புறாக் கூண்டா?" என்றான் நடத்துனன், பெட்டகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டு.

"மூலகம் தம்பி," என்றார் அதிபர் அந்தோனி.

"ஒடையிற சாமானா?"

"சிலது ஒடையும். சிலது இப்பவே இல்ல," என்றார் அதிபர். பிறகு ஷாமலாவின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நா நல்லதுக்குத்தான் எழுதினேன். பெட்டகம் ஒண்ணுன்னு மட்டும் எழுதியிருக்கலாம். நாப்பத்தி நாலுன்னு எழுதுறப்போ ஒரு சந்தோசம்."

ஷாமலா சோடியப் போத்தலை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். வளைவுகளில் மண்ணெண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உலோகத்தின் முதுகு தெரிந்து, மறுபடி மறைந்தது. அவள் குதிக்கால் தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. முன் ஆசனத்துக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர்," என்றார் மூக்காயி. "நாங்க கையெழுத்தப் போட்டுட்டா, புள்ள இப்ப படிக்கிற இந்தக் கணக்கு, மருந்து எல்லாம் அவ்வளவுதானா?"

"இன்னும் போடாதீங்க. நா உள்ள போய்ட்டு வர்ற வரைக்கும் போடாதீங்க."

"ஒங்களால ஆகுமா டீச்சர்?" அது கேலியில்லை. வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

காரியாலயத்தில் ராஜலிங்கத்தின் அறை மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாவி தெரிந்தது. பெட்டகத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். மூக்காயியும் சிந்துஜாவும் திறந்திருந்த கதவுக்கு வெளியே, நடைபாதை வாங்கில் அமர்ந்தார்கள். சம்மதத் தாள் மூக்காயியின் மடியில் இருந்தது. பாயிஸ் அவருக்கு ஒரு பேனையும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"எனக்கு உங்களில கோபமில்லை, பிள்ளை," என்று ராஜலிங்கம் தொடங்கினார். "இருக்கிற வழியைச் சொல்லுறன். காணாமல் போன சாமானைக் கணக்கில இருந்து கழிக்கேலாது. ஆனால் பாவனைக்கு உதவாத சாமானைக் கழிக்கலாம். இந்தக் கடைசி நிரல், ஈலியம், நியோன், ஆகன். இவை என்ன வேலை செய்யும்?"

"பொதுவா எதோடயும் சேராது சேர். வெளியோட்டுல இடமெல்லாம் நிரம்பியிருக்கு. அதனால யாருக்கும் எதையும் குடுக்காது. யாருகிட்டயும் எதையும் வாங்காது."

"சூடாக்கினால்?"

"ஒண்ணும் ஆகாது."

"அமிலம் ஊத்தினால்?"

"ஒண்ணும் ஆகாது சேர். அதுங்களுக்கு விழுமிய வாயுன்னு பேரு."

ராஜலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் வந்த உணர்ச்சியை, நெடுநாள் தேடிய உறவினரைச் சந்தையில் கண்டவரின் முகத்தில்தான் பார்க்கலாம்.

"பாயிஸ், கேட்டீரோ? நான் இந்தக் கதிரையில இருந்த காலம் முழுக்க எத்தினை பேர் வந்து இந்த மேசைக்கு முன்னால அழுதிருப்பினம்! இடமாற்றம் கேட்டு, கூரை கேட்டு, மலசலகூடம் கேட்டு. நான் கொதிச்சனானோ? நிறம் மாறினனானோ? ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. ஒருத்தரிட்டயும் ஒண்டும் வாங்கவுமில்லை, அதையும் சொல்லவேணும். சனம் என்னைக் கல்லெண்டு சொல்லிச்சுது. இப்பதான் விளங்குது, இதுக்கு விஞ்ஞானத்தில ஒரு மரியாதையான பேர் இருக்கு." அவர் எழுந்து, வெறும் போத்தல்களுக்கு முன்னால் போய் நின்றார். "இவையளைப் போய்க் கழிக்கிறதோ? முடியாது. அதோட ஏன் கடைசி நிரலில தள்ளி வைச்சிருக்கிறீங்கள்? முன்னுக்கு வையுங்கோ. இந்தக் குதிச்சுத் திரியிற சோடியம் கூட்டத்தைக் கடைசிக்கு மாத்துங்கோ."

"சேர், அது அணுவெண் வரிசை. மாத்த முடியாது."

"எல்லாத்தையும் மாத்தலாம் பிள்ளை. இடமாற்றச் சபை எண்டு ஒண்டு எதுக்கு இருக்கு?"

அதிபர் அந்தோனி மேலே சுழன்ற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மூக்காயி பேனையின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஷாமலா மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"சேர், முத்திரைய எப்ப எடுப்பீங்க?"

"பரிந்துரையை நிறைவேற்றினால் எடுக்கலாம். சோடியத்தைத் தண்ணிக்கு மாத்தினீங்களோ?"

"இல்ல சேர்."

"பாயிஸ், அந்தப் பேசினில தண்ணி கொண்டுவாரும்."

தேநீர்க் கோப்பைகள் கழுவுகிற நீலப் பிளாஸ்டிக் பேசின் வந்தது. மேசையின் நடுவில் வைக்கப்பட்டது. பக்கத்தில் பழைய கோப்புகள் ஒரு மலையாக இருந்தன.

"என்ர கண்ணுக்கு முன்னால மாத்துங்கோ."

"மாட்டேன் சேர்," என்றாள் ஷாமலா. அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "ஆபத்து. புத்தகத்துல இருக்கு."

"புத்தகம் பிள்ளையளுக்கு. உத்தியோகத்தருக்குச் சுற்றுநிருபம். நீங்கள் மாத்தாட்டில் நான் மாத்துறன்." அவர் போத்தலின் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் இருந்தது ஒரு பாக்கு அளவுத் துண்டு. அது முழுதாகப் பேசினுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று ஷாமலா ஒரு கணம் பார்த்தாள். கோப்புகள், ஜன்னல் கண்ணாடி, பாயிஸின் முகம், கதவோரத்துப் பிள்ளை.

"பொறுங்க சேர்." போத்தலை அவள் முந்திக்கொண்டாள். "முதல்ல ஒரு சின்னத் துண்டு மாத்திப் பாருங்க. மாதிரிக்கு. அது சரின்னா மிச்சத்தையும் மாத்துறேன்."

மாதிரி என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. தலையசைத்தார்.

அவள் கோப்புகளை விலக்கினாள். இடுக்கியால் சோடியத்தை எடுத்துக் காகிதத்தில் ஒற்றி, பேனைக்கத்தியை வைத்து அழுத்தினாள். பாலாடைக்கட்டி போல வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் ஒரு கணம் கண்ணாடிபோல மின்னி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. கதவடியில் சிந்துஜா எழுந்து நின்றிருந்தாள். ஷாமலா ஓர் அரிசியைவிடச் சிறிய துணுக்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெய்க்குள் போட்டு மூடி, போத்தலை அதிபரின் கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. சேர், மொகத்தக் கிட்ட கொண்டு போகாதீங்க. கைய நீட்டிப் போடுங்க."

ராஜலிங்கம் துணுக்கை அடிமட்டத்தின் நுனியில் ஏந்தினார். ஒரு பதக்கம் அணிவிக்கப் போகிறவரின் நிதானத்தோடு, கையை நீட்டி, அதைப் பேசினுக்குள் சரித்தார்.

அது மூழ்கவில்லை. உருகி, ஒரு வெள்ளி மணியாக உருண்டு, சீறிக்கொண்டு தண்ணீரின் மேல் ஓடியது. பேசினின் ஓரத்தில் முட்டியது. திரும்பியது. மறுபடி ஓடியது. நிற்கவே இல்லை. அந்த அறையில் அவ்வளவு வேகமாக எதுவும் இதற்கு முன் நகர்ந்ததில்லை.

"டீச்சர், மிதக்குது!" என்று கத்தினாள் சிந்துஜா. "தண்ணியவிட அடர்த்தி கொறைவு! உருகிருச்சு, அம்மா பாருங்க, சூட்டுல உருகிருச்சு! அந்தச் சத்தம் ஐதரசன் டீச்சர்!"

மஞ்சள் நிறத்தில் சிறிதாக ஒரு சுவாலை எழுந்தது. டப் என்று ஒரு சத்தம். பிறகு பேசினுக்குள் தண்ணீர் மட்டும் இருந்தது.

பாயிஸ் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார். "யா அல்லாஹ்," என்றார். ராஜலிங்கம் கதிரைக்குப் பின்னால், அடிமட்டத்தை நெஞ்சோடு பிடித்தபடி குந்தியிருந்தார். எழுந்து, சட்டையைச் சரிசெய்து, பேசினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சோடியம் எங்க?"

பாயிஸும் எட்டிப் பார்த்தார்.

"சேர்," என்றார் பாயிஸ் தயங்கித் தயங்கி. அவர் விதிகளுக்கு விசுவாசமானவர். "ஒரு சாமான் காணாமப் போனா, கடைசியா யார்ட கையில ஈந்திச்சோ அவர்தான்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவர் பார்வை அடிமட்டத்தில் போய் நின்றது.

அந்த அறையில் அப்போது விழுந்த மௌனத்தை நான் அவசரப்பட்டுக் கடந்துபோக விரும்பவில்லை. விசிறி சுழன்றது. வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் சத்தமிட்டுக்கொண்டு போனது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் முதன்முறையாக, இல்லாமல் போன ஒரு பொருளின் பக்கத்தில் தானே நின்றுகொண்டிருந்தார். ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது.

"எங்கயும் போகேல்லை," என்றார் ராஜலிங்கம். "உள்ளுக்குத்தான் இருக்கு."

"எங்க சேர்?" என்றார் பாயிஸ்.

"தண்ணிக்குள்ள. கண்ணுக்குத் தெரியேல்லை எண்டதுக்காக ஒரு சாமான் இல்லையெண்டு சொல்லலாமோ? டீச்சர், சொல்லுங்கோ."

"இருக்கு சேர்," என்றாள் ஷாமலா. "தண்ணியில கரைஞ்சு இருக்கு. உண்மைதான்." பிறகு மெதுவாக, "அப்போ ஆகன் சேர்?"

அவர் அவளைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். "இருக்கு," என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் போல.

"நியோன்?"

"இருக்கு."

"பலூன்ல இருந்த ஈலியம்?"

"வளிமண்டலத்தில இருக்கு. எழுதும் பாயிஸ்."

"அயடீன்?"

"காத்தில, மூடியில... இருக்கு."

"பிரான்சியம் சேர்?" என்று பாயிஸே கேட்டார்.

"அது உலகத்தில எங்கயாவது இருக்கும்தானே! எல்லாம் இருக்கு! நாப்பத்தி நாலும் இருக்கு! சில கண்ணுக்குப் புலனாகாத நிலையில எண்டு எழுதி முடியும். முத்திரையை நாளைக்கே எடுங்கோ. ஒரே திரவமும் வேண்டாம். அந்தப் பேசினை அப்பிடியே மூடி, சோடியம் எண்டு சீட்டு ஒட்டி, கண்ணாடி அலுமாரியில வையும். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

அன்றிலிருந்து காரியாலயத்தில் தேநீர்க் கோப்பை கழுவப் பேசின் இல்லாமல் போனது வேறு கதை.

நடைபாதையில் மூக்காயி தாளை நீட்டினார். "அப்ப இதுல கையெழுத்து?"

"வேணாம்மா," என்றாள் ஷாமலா.

மூக்காயி தாளைச் சுருட்டிக் குடைக்குள் செருகினார். மகளை மேலும் கீழும் பார்த்தார். "ஆபிஸ்ல வந்து என்னாடி இப்பிடிக் கத்துற?" என்றார். ஆனால் படியிறங்கும் வரை அவள் கையை விடவில்லை.

அடுத்த மார்கழி வந்தது. பாடசாலைகளைக் கணக்கெடுக்கும் காரியாலயத்தையும் கணக்கெடுக்க மேலிடத்தில் ஒரு சபை உண்டு. அது கண்டிக்கு வந்த அன்று, ஷாமலா ஆய்வுகூடத்தில் புதிய வகுப்புக்கு முதலாம் கூட்டத்தைத் தொடங்கியிருந்தாள். சிந்துஜா, இப்போது மூத்த வகுப்புக்காரி, வெள்ளைப் பீங்கான் தட்டோட்டின் மேல் சோடியத்தை வைத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தாள். இளைய பிள்ளைகள் இரண்டடி தள்ளி நின்று கழுத்தை நீட்டினார்கள். அப்போது தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, நான் ராஜலிங்கம் கதைக்கிறன்." குரல் தணிந்திருந்தது. "இஞ்ச ஒரு சின்னப் பிரச்சினை. பேசினில இருந்த தண்ணி வத்திப்போச்சுது. ஆவியாப் போக ஆர் உத்தரவு குடுத்ததெண்டு கேக்கினம்."

"சோடியம் போகல சேர். அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்குமே, அதுலதான் இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்லுறன். நம்புகினம் இல்லை. சோடியமெண்டால் வெள்ளி மாதிரி மினுங்குமாம், அவைக்குத் தெரியுமாம். கடைசியா ஆற்ற கையில இருந்ததெண்டு கேக்கினம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்கள் ஒருக்கா வந்து, அது இருக்கெண்டு விளங்கப்படுத்தேலுமோ, பிள்ளை?"

ஷாமலா ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தவள், நின்றாள். சிந்துஜா இடுக்கியில் துணுக்கைப் பிடித்தபடி, போடவா என்று கண்ணால் கேட்டாள்.

"கட்டாயம் வர்றேன் சேர்," என்றாள் ஷாமலா. "எழுத்துல கேட்டு அனுப்புங்க."

மறுமுனையில், ராஜலிங்கத்துக்குப் பின்னால் எங்கோ, வேறு யாரோ ஒருவர் ஓர் அடிமட்டத்தால் வெறும் பேசினைத் தட்டித் தட்டிப் பார்ப்பது கேட்டது.